வலது ஓரத்தில் மரகதம்

இருட்டு முழுசாக வரவில்லை. பச்சைத் திரைச்சீலையில் ஒரு வளையம் அறுந்து தொங்குகிற இடத்தில் வெயில் ஒரு கோடாக உள்ளே நுழைந்து, வெள்ளைத் திரையின் இடது மூலையில் ஏறிப் படுத்திருக்கிறது, யார் விரட்டினாலும் எழுந்திருக்கப் போவதில்லை என்பது போல. மத்தியானம் விடுதியில் போட்ட எலுமிச்சைச் சோறு இப்போது என் இமைக்கு மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு மட்டுமா, இந்தக் கருத்தரங்கக் கூடத்தில் எல்லாருக்கும்தான். மின்விசிறிகள் தூக்கத்தைக் கரைத்துக் கரைத்து எல்லார் தலையிலும் ஊற்றுகின்றன. வெளியே புளியமரத்தில் மயில் அகவுகிறது, அந்தச் சத்தம் படத்தின் ஆரம்ப இசைக்குள் போய் ஒரு நாயனம் மாதிரிச் சேர்ந்துகொள்கிறது. நான் தூங்கக் கூடாது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் நான் எழுந்து பேச வேண்டும். பேசி முடித்ததும், முன்வரிசையில் இருக்கிற என் கைடு தணிகாசலம் சாரும், வெளியூரிலிருந்து வந்திருக்கிற குழுவினர் இரண்டு பேரும் என் ஆய்வுத் தலைப்பு இருக்கட்டும் என்றோ போகட்டும் என்றோ சொல்வார்கள். தலைப்பு, செண்பகவல்லி. அந்தப் பெயரைத்தான் இப்போது திரையில் தேடிக்கொண்டிருக்கிறேன், இருக்காது என்று தெரிந்தே. ‘மூன்று நாள் மாப்பிள்ளை’ என்று பூமாலைக்குள் எழுத்து வருகிறது. கதாநாயகன் பெயர் தனியாக, கதாநாயகி பெயர் தனியாக, சிரிப்பு நடிகர்கள் இருவர் பெயர் சேர்ந்து, அப்புறம் ஒப்பனைக்காரர், தையல்காரர், படத்தில் வருகிற காரைக் கொடுத்து உதவிய பெரிய மனிதர். கார் கொடுத்தவருக்குக்கூட நன்றி உண்டு. செண்பகவல்லி ‘மற்றும் பலர்’. படம் முழுக்க வருகிறவள் பலரில் ஒருத்தி! இதைச் சொன்னால் சார் சிரிப்பார். போன மாதம் அவர் அறையில் இதே சண்டைதான். “அந்தம்மா நடிக்கவே இல்லையேம்மா. சும்மா நிக்கிறாங்க. சும்மா பாக்கிறாங்க. நகைச்சுவைன்னா ஏதாவது செய்யணும். அவங்க எதுவும் செய்யலை.” “எதுவும் செய்யாம இருக்கறதை ஒருத்தங்க செய்யறாங்க சார்.” “பேச்சு நல்லாருக்கு. ஆனா படம் வந்து இத்தனை வருஷத்துல யாராவது அவங்களைப் பாத்துச் சிரிச்சதா நீ கேட்டிருக்கியா?” “நான் சிரிச்சிருக்கேன் சார்.” “நீ ஒருத்தி சிரிச்சா அது ஆய்வு ஆகுமா இசக்கியம்மாள்? கதாநாயகனோட வசனத்தை எடு. எடுத்தா இந்த வருஷமே முடிச்சிடலாம்.” என் பெயரை அவர் முழுசாகச் சொன்னால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு எந்தப் பேச்சும் முடிவதில்லை, அறையை விட்டு வந்து படியிறங்கி சைக்கிளை எடுத்து விடுதி வரைக்கும் நான் அவரோடு பேசிக்கொண்டுதான் போனேன், எல்லா இடத்திலும் நானே ஜெயித்தேன்.

படம் ஆரம்பித்துவிட்டது. சேகர் கார் ஓட்டிக்கொண்டு வருகிறான், சென்னையில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காரன், சொந்த ஊருக்கு மாமன் மகள் மரகதத்தைக் கட்டிக்கொள்ள வருகிறான், மூன்று நாளில் முகூர்த்தம். வழியில் லலிதா என்கிற மில் முதலாளி மகள், தன் கல்யாணத்திலிருந்து பட்டுப்புடவையோடு ஓடி வந்தவள், காருக்குள் தாவி ஏறுகிறாள். போலீஸ் மறிக்கிறது. நான் இவர் சம்சாரம் என்கிறாள் லலிதா. ஏட்டையா நல்ல மனுஷர், புதுசா கல்யாணமானவங்க தனியாப் போகக்கூடாது என்று மாமன் வீட்டு வாசல் வரைக்கும் துணைக்கே வந்துவிடுகிறார், வந்தவர் கல்யாணச் சாப்பாட்டு வாசனையில் திரும்பிப் போகவும் மாட்டேன் என்கிறார். ஆக, மூன்று நாளும் சேகர் ஏட்டையா கண்ணுக்கு மாடியில் புருஷன், மாமா கண்ணுக்குக் கீழே மாப்பிள்ளை. ஓடுகிறான், ஏறுகிறான், இறங்குகிறான், விழுகிறான். கூடத்தில் பாதிப்பேர் தூக்கம் கலைந்து சிரிக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் பர்வீன், விடுதியில் என்னோடு ஒரே அறை, இந்தப் படத்தை என் புண்ணியத்தில் அரை உறக்கத்தில் பலதடவை கேட்டவள், காதோரம் குனிந்து, “உன் ஆளு எப்படி வருவா?” என்கிறாள். “வந்தாச்சு. கதவுப் பக்கம்.” “எங்கடீ?” “அந்தா, கையில சொம்பு.” மரகதமாகச் செண்பகவல்லி வாசலில் நிற்கிறாள். காரிலிருந்து அத்தான் இறங்குகிறான், பின்னாலேயே பட்டுப்புடவையில் ஒரு பெண் இறங்குகிறாள், அதற்கும் பின்னால் ஒரு போலீஸ்காரர் இறங்குகிறார். மரகதம் மூன்று பேரையும் பார்க்கிறாள். பிறகு கையில் இருக்கிற ஒரு சொம்புத் தண்ணீரைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். உள்ளே போகிறாள். ஒரு குடத்தோடு திரும்பி வருகிறாள். இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவள் குடத்தோடு வரும்போது சேகர் முன்னால் நின்று வாழைத்தோலில் வழுக்கிக்கொண்டிருக்கிறான்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. உள்ளறையில் வேப்பிலை விரித்துப் படுக்கப் போட்டிருந்தார்கள், உடம்பெல்லாம் நமைச்சல், சொறியக் கூடாது, தலை குளிக்கக் கூடாது, யாரும் கிட்டே வரக் கூடாது. காய்ச்சலில் உத்தரம் மெல்ல மெல்லத் தாழ்ந்து வந்து முகத்துக்கு நேரே நிற்கும், பிறகு மேலே போகும். அழுத அழுகையில் அம்மா டி.வி.யை இழுத்து வந்து என் கால்மாட்டில் வைத்தாள். கறுப்பு வெள்ளையில் ஏதோ ஒரு கல்யாண வீடு. காய்ச்சல் கண்ணுக்கு அந்த வீட்டு ஆட்களெல்லாம் தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். சேகர் அவளிடம் ஏதோ சொல்ல வருகிறான், எனக்கு உன்மேல் விருப்பமில்லை என்று சொல்ல வருகிறான், வாய் வரவில்லை. “மரகதம்... எனக்கு... ஒரு மாதிரி...” என்கிறான். அவள் பசி என்று நினைத்து இட்லி கொண்டு வருகிறாள். தின்றுவிட்டு மறுபடி, “எனக்கு நெஞ்செல்லாம்...” என்கிறான். மிளகு ரசம் வருகிறது. குடித்துவிட்டு, “தலையே வெடிச்சிடும் போல...” என்கிறான். வெந்நீர்ப் பானை வருகிறது, நொச்சி இலை வருகிறது, அவன் தலைமேல் கம்பளியைப் போட்டு மூடி ஆவி பிடிக்க உட்கார்த்திவிடுகிறாள். மூடின கம்பளிக்குள் இருந்துதான் அவனுக்குத் தைரியம் வருகிறது. “நான் வேற ஒரு பொண்ணை விரும்பறேன் மரகதம்!” கம்பளி பேசுகிறது. அவள் கம்பளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நமக்கு அப்போதுதான் உறைக்கிறது, இவளுக்கு முதல் இட்லியிலேயே தெரியும். தெரிந்துதான் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து வைத்திருக்கிறாள், அவன் சொல்லிவிடாமல் இருக்க, இல்லை, அவனுக்குச் சொல்ல வசதி செய்துகொடுக்க, எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கம்பளியின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி உள்ளே எட்டிப் பார்க்கிறாள். இன்னொரு கைப்பிடி நொச்சி இலையை உள்ளே போடுகிறாள். மறுபடி மூடிவிடுகிறாள். நான் சிரித்த சிரிப்பில் கன்னத்துப் பொருக்கெல்லாம் இழுத்து வலித்தது. “எட்டி, சிரிக்காதட்டி! பொருக்கு ஒடைஞ்சா மொகத்துல குழி விழுந்துரும்” என்று அம்மா வாசற்படிக்கு வெளியே நின்று கத்தினாள். “குழி விழுந்த மொகத்தை எவன் கட்டுவான்?” அப்புறம் அவளே சமாதானமாக, “கட்டாம என்ன, அத்தை மவன் இல்லாமலா போயிட்டான்” என்றாள். என் இடது கன்னத்தில் ஒரு குழி இருக்கிறது. செண்பகவல்லி போட்டது. சாரிடம் இதைச் சொல்ல முடியுமா, சான்று வேண்டுமென்றால் இதோ சார், தொட்டுப் பாருங்கள் என்று?

இப்போது அந்தக் காட்சி வரும். மாடியில் லலிதாவின் பாட்டு முடிந்ததும் வரும். என் கைக்குள் பென்டிரைவ் வியர்த்துக் கிடக்கிறது. அதில் என் படம் இருக்கிறது, டி.வி.யிலிருந்து யாரோ பதிவு செய்தது, மங்கலானது, வலது பக்கக் கீழ்மூலையில் கைப்பிடி அளவுக்குச் சேனலின் முத்திரை, அதற்கடியில் நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். இதைத்தான் திரையிடக் கேட்டேன். “அந்தக் குப்பையை ஹால்ல போடாதே. எங்கிட்ட தியேட்டர்ல ஓடின பிரின்ட்லேர்ந்து எடுத்தது இருக்கு. கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றார் சார். உண்மைதான், கண்ணாடி மாதிரித்தான் இருக்கிறது. லலிதாவின் கழுத்து வியர்வைகூடத் தெரிகிறது. பாட்டு முடிகிறது, கடைசி வீணை. மாடிப்படி. சேகர் இறங்குகிறான், நான் நாற்காலி நுனிக்கு வருகிறேன், திரை ஒரு துள்ளு துள்ளுகிறது, படபடவென்று ஒரு சத்தம், பந்தக்கால். மேளம். விடிந்துவிட்டது. கல்யாண நாள். எனக்கு ஒரு கணம் நான்தான் தூங்கிவிட்டேனோ என்று இருந்தது, காட்சி முழுக்கத் தூங்கியிருக்கிறேன், பர்வீன் எழுப்பாமல் விட்டிருக்கிறாள். “பர்வீன், ஆவி பிடிக்கிறது வந்துச்சா?” “இல்லையே. அதான் நானும் பாக்குறேன்.” “வெட்டிருக்கான்!” சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்னால் இரண்டு தலைகள் திரும்புகின்றன. “அடங்குடி இசக்கி” என்று பர்வீன் என் முழங்காலை அழுத்துகிறாள். வெட்டியிருக்கிறான். படம் மறுபடி ஓட வந்தபோது எவனோ ஒரு தியேட்டர்க்காரன், நாலு ஆட்டம் ஓட்ட நீளம் குறையவேண்டும் என்று கத்தரியை எடுத்திருக்கிறான், எதை வெட்டலாம், பாட்டு கூடாது, சண்டை கூடாது, கதாநாயகி குளிக்கிற காட்சி கூடவே கூடாது, பாட்டும் சண்டையும் இல்லாத ஒரு இடம் எங்கே என்று பார்த்திருக்கிறான், ஒரு பெண்ணும் ஒரு கம்பளியும் இருந்திருக்கின்றன. வெட்டினவன்மேல் வருகிற ஆத்திரத்துக்கு அடியில் வேறு ஒன்று குளிராக ஓடுகிறது, அதைப் பார்க்காமல் இருக்கத்தான் இவ்வளவு ஆத்திரப்படுகிறேனோ. யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. மேளம் கொட்டுகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள், கதை நிற்காமல் போகிறது, ஓர் எலும்பை எடுத்த பிறகும் ஆள் எழுந்து நடப்பது போல. சார் இதைத்தான் சொல்வார். பாத்தியாம்மா, அந்தக் காட்சி இல்லாமலே படம் நல்லாத்தானே ஓடுது. அதற்கு நான் என்ன சொல்வேன்? மனசுக்குள் படிக்கட்டில், சைக்கிளில், விடுதி வாசலில் எல்லாம் இதற்குப் பதிலைத் தேடிப் பார்க்கிறேன். பென்டிரைவைக் கொடுத்து, சார் இதைப் போடுங்க என்று கெஞ்சலாம். போடுவார்கள். மங்கல் படத்தில், நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே, ஒரு கம்பளி பேசும். நல்லாருக்கும்மா என்பார்கள். வெட்டினாலும் படம் ஓடும் என்பது மட்டும் அப்படியே இருக்கும்.

நானும் வெட்டினால் ஓடுகிற ஆள்தானோ என்னவோ. இந்த நினைப்பு எங்கே இருந்து வருகிறது, போன பொங்கலுக்கு அப்புறம்தான் வருகிறது, மாசானமுத்து அத்தான் போன் செய்ததிலிருந்து. அத்தை மகன், என் கன்னக் குழியையும் சேர்த்துக் கட்டிக்கொள்வதாக எங்கள் வீட்டில் பேசிவைத்திருந்தவர். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள ஆசை ஒன்றும் இருந்ததில்லை, கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லுகிற அளவுக்கு வெறுப்பும் இல்லை, அவர் என்னுடைய வருங்காலத்தில் ஓரமாகப் போட்டுவைத்த ஒரு நாற்காலி மாதிரி இருந்தார். “இசக்கி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.” “சொல்லுங்க அத்தான்.” “எப்படி இருக்க?” “இருக்கேன்.” “அங்க மழை உண்டா?” “தை மாசத்துல என்ன மழை?” “இல்ல, சும்மா கேட்டேன். பரீட்சையெல்லாம்?” “அத்தான், சாப்பிட்டீங்களா?” “ஆங், சாப்பிட்டேன். அதாவது, இங்க கூட வேலை பாக்குற பிள்ளை ஒண்ணு... அவங்க வீட்லயும் சம்மதம்... நீ தப்பா எடுத்துக்கிடக் கூடாதுட்டி.” “நல்லது அத்தான். சாப்பிட்டீங்களா?” இரண்டாம் தடவை ஏன் கேட்டேன்? அவர் உடைந்து அழுதார். நான் அந்தப் பக்கம் அவர் அழுது முடிக்கிறவரை காத்திருந்தேன், நொச்சி இலை இல்லாததுதான் குறை. அடுத்த அரைமணியில் அம்மா. “எட்டி, அழுதுருட்டி. அடக்கி வைக்காத. நெஞ்சுல கட்டிக்கிடும்.” என் வாய் நிறைய மிக்சர். பர்வீன் ஊரிலிருந்து கொண்டுவந்தது, அத்தான் பேசப் பேச என் மடியில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள், எனக்கோ சொல்லமுடியாத பசி. வாயில் இருப்பதை மென்றால் சத்தம் கேட்கும், மெல்லாமல் பேச முடியாது. நான் ம் என்றேன். “அழுதுட்டுதான் இருக்கியா? அழு, அழு” என்று அம்மாவும் அழுதாள். நான் அழவில்லை என்று அதன்பிறகு யாரிடமும் நிரூபிக்க முடியவில்லை. ஊருக்குப் போனால் சித்தி தட்டில் கூடுதலாக ஒரு கறித்துண்டு வைக்கிறாள், அதில் கண்ணீர் உப்பு கரிக்கிறது. என்னைப் பார்த்ததும் எல்லாரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். நாலு பேர் நடுவில் நான் ஏதாவது வாதம் செய்தால், பாவம், உள்ளுக்குள்ள இருக்கதை இப்படிக் காட்டுதா என்கிறார்கள். வருத்தமே இல்லையா என்றால் இருந்தது. பசியும் இருந்தது. இரண்டும் ஒரு வயிற்றில் இருக்கக் கூடாது என்று எவன் சொன்னான்?

திரையில் மணவறை. இதுதான் கடைசிக் கட்டம், இதற்குப் பின் பூத்தூவல்தான். புகைக்கு நடுவில் சேகர் எழுந்து நின்று மாலையைக் கழற்றுகிறான், பேச ஆரம்பிக்கிறான். பெரிய வசனம். சார் பரிந்துரைக்கிற ஆய்வு இதுதான், அன்பென்றால் என்ன, உறவென்றால் என்ன, கயிறு மூன்று முடிச்சா மனசு ஒரு முடிச்சா என்று இறங்கி ஏறி இறங்கிப் போகும், மாமா துண்டால் வாயைப் பொத்துகிறார், ஏட்டையா தொப்பியைக் கழற்றுகிறார், லலிதா தூணைக் கட்டிக்கொள்கிறாள். மரகதம் கீழே வலது ஓரத்தில் மணப்பெண்ணாக உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், வசனத்தின் முடிவில் அவளுக்கு ஒரு நெருக்கக் காட்சி வரும் என்றும் தெரியும். என் ஆய்வுச் சுருக்கத்தில் மூன்று பக்கம் அந்த ஒரு முகத்தைப் பற்றித்தான். கன்னம் உப்பி, உதடு பூட்டி, கண் நிறைந்து. அடக்கிய அழுகையின் உச்சம் என்று எழுதியிருக்கிறேன். நகைச்சுவை நடிகை ஒரே முகத்தில் சோகத்துக்குத் தாண்டுகிறார் என்று எழுதியிருக்கிறேன். கண் சொக்குகிறது. சேகரின் குரல் மின்விசிறியோடு கலந்து சுற்றிச் சுற்றி வருகிறது, கயிறு, மனசு, கயிறு, மனசு, எங்கோ உத்தரம் தாழ்ந்து வருகிறது, வேப்பிலை மணக்கிறது, கூடமே ஒரு பெரிய கம்பளிக்குள் மூடி உட்கார்ந்திருக்கிறோம். அப்போது ஒரு சிரிப்பு. மூக்கு வழியாக வந்த சின்ன, அவசரமான சிரிப்பு, வரக்கூடாத இடத்தில் வந்துவிட்டதே என்று உடனே இருமலாக மாற்றப்பட்ட சிரிப்பு. முன்வரிசையிலிருந்து. அந்த மூக்கு எனக்குத் தெரியும், எத்தனை கட்டுரைகளை அது என் முகத்துக்கு நேரே தள்ளியிருக்கிறது! தணிகாசலம் சார் சிரிக்கிறார். அவர் தலை சேகரின் பக்கம் இல்லை. லேசாக வலதுபக்கம் சாய்ந்திருக்கிறது, கீழ்நோக்கி. அவர் பார்க்கிற இடத்தை நானும் பார்க்கிறேன், என் படத்தில் முத்திரையும் நகைக்கடையும் உட்கார்ந்திருக்கிற இடம் அது, இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவையும் பார்க்காத இடம். மரகதத்தின் மடியில் ஒரு வாழைப்பழத் தோல் கிடக்கிறது.

மரகதம் தின்றுகொண்டிருக்கிறாள். முதுகு நேராக, கண் தாழ்ந்து, மாலைக்குள் மூக்குவரை மூழ்கி, மணப்பெண் எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே இருந்துகொண்டு, மாலைக்கு அடியில் ஒரு கை மட்டும் பாதிப் பழத்தோடு மேலே வருகிறது, போகிறது. முன்னால் சீர்த்தட்டில் சீப்பில் ஒரு பழம் குறைகிறது. தாலி ஏறுகிறவரைக்கும் பெண் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருக்கவேண்டும். சொம்பு சொம்பாகக் குடம் குடமாக எல்லாருக்கும் கொண்டுவந்து கொடுத்த பெண், காலையிலிருந்து பட்டினி. அத்தனை பேர் அந்தப் பந்தலில் இருக்கிறார்கள், மாமா இருக்கிறார், ஏட்டையா இருக்கிறார், பேசிக்கொண்டிருக்கிற சேகருக்கே இன்னும் முடிவு சரியாகத் தெரியவில்லை, கல்யாணம் இல்லை என்று ஆகிவிட்டதைப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவள்தான். புரிந்ததும் அவள் செய்கிற முதல் காரியம் விரதத்தை முடித்துக்கொள்வது. சேகர் கையை நீட்டுகிறான். “கேளுங்கள், இதோ இந்த மரகதத்தையே கேளுங்கள்!” பந்தல் முழுக்கத் திரும்புகிறது. மரகதம் மிச்சம் இருந்த பாதிப் பழத்தையும் ஒரே தள்ளாக வாய்க்குள் தள்ளிவிட்டு நிமிர்கிறாள், உடனே நெருக்கக் காட்சி, கன்னம் உப்பி, உதடு பூட்டி, கண் நிறைந்து, என்னுடைய மூன்று பக்கம். அந்தக் கண்ணீர் பழம் தொண்டையில் நிற்கிற கண்ணீர். இல்லை, அதுவும் இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தக் கண் இரண்டுமாக இருக்கிறது, விழுங்கவும் முடியாமல் அழவும் முடியாமல் ஒரு பெண் ஊருக்கு முன்னால் முகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், எட்டி அழுதுருட்டி, அடக்கி வைக்காத, ம், அம்மா. எனக்குத் தொண்டையில் மிக்சர் காரம் ஏறுகிறது. இது இயக்குநர் சொல்லித் தந்ததாக இருக்காது, சொல்லியிருந்தால் காமிரா அங்கே போயிருக்கும். காமிரா சேகரைத்தான் பார்க்கிறது, எல்லாரும் சேகரைத்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்தே அந்த ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்திருக்கிறாள் செண்பகவல்லி. யாருக்காக? பெயர் போடாதவர்களுக்காகவா? அவளுக்கே பசித்ததா? நானும் அல்லவா பார்க்கவில்லை. அவளுக்காக ஊரோடு சண்டை போட்டுக்கொண்டு, அவளை அழவைத்து மூன்று பக்கம் எழுதிக்கொண்டு, நானும் குரலைத் தாழ்த்தித் தட்டில் கூடுதலாக ஒரு கறித்துண்டு வைத்த கூட்டம்தான்.

சுபம். விளக்கு எரிகிறது. எல்லாரும் கண்ணைக் கசக்குகிறார்கள், வெயில் கோடு திரையை விட்டு இறங்கி எங்கோ போய்விட்டது. வெளியூர்க்காரர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, “சரி, இசக்கியம்மாள். சொல்லுங்க” என்கிறார். முழுப்பெயர். எல்லார் முன்னாலும் என்பதால் மரியாதை வேறு. “போ, கிழி” என்று பர்வீன் முதுகில் தள்ளுகிறாள். நான் எழுந்து நிற்கிறேன். சொல்ல இருந்தவை எல்லாம் இருக்கின்றன, கார் கொடுத்தவருக்கு நன்றி, மற்றும் பலர், தியேட்டர்க்காரன் கத்தரி, எல்லாம் வரிசையாக முட்டிக்கொண்டு நிற்கின்றன, கன்னம் உப்பி, உதடு பூட்டி. விழுங்கினேன். “ஒரே ஒரு கேள்விதான் சார். சேகர் வசனம் பேசிட்டு இருக்கும்போது நீங்க ஏன் சிரிச்சீங்க?” “நானா?” “ஆமா சார்.” “நான் எங்கம்மா சிரிச்சேன்? இருமினேன்.” “முதல்ல சிரிச்சீங்க சார். அப்புறம்தான் இருமினீங்க.” கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். சார் கண்ணாடியைக் கழற்றுகிறார், வேட்டி நுனியைத் தேடி, தான் பேன்ட் போட்டிருப்பது நினைவு வந்து சட்டை நுனியில் துடைக்கிறார். எனக்கு இவரிடம் ஜெயிக்கவேண்டும் என்று இப்போது இல்லை, இது எப்போது போனது? “அது...” என்கிறார். “அந்தப் பொண்ணு...” கடிகாரம் பார்த்தவர், “எந்தப் பொண்ணு சார்? லலிதாவா?” என்கிறார். “இல்லைங்க. கீழே. ஓரத்துல.” சார் விரலால் வெற்றுத் திரையில் ஒரு இடத்தைக் காட்டுகிறார், சரியாக அந்த இடத்தை. “பாவம், பசிங்க அதுக்கு.” சொல்லும்போதே அவர் உதட்டோரம் மறுபடி இழுக்கிறது. “எங்க சார், நாங்க பாக்கலையே?” “நானே இன்னிக்குத்தான்...” என்று என்னைப் பார்க்கிறார், பிறகு கணினிக்குப் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். “விளக்கை அணைச்சிட்டுக் கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க. மணவறை வரைக்கும்.” இருட்டு, இந்தத் தடவை முழுசாக. பூக்கள் தரையிலிருந்து எழும்பிக் கைகளுக்குள் போகின்றன. சேகர் சொன்னதையெல்லாம் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்கிறான். திரும்பியிருந்த பந்தல் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. யாரும் அவனைப் பார்க்கவில்லை, கூடம் முழுக்கக் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து வலது ஓரத்தைப் பார்க்கிறது. அங்கே மாலைக்குள்ளிருந்து பழம் துண்டு துண்டாக வெளியே வருகிறது, வந்து வந்து ஒட்டிக்கொண்டு முழுப்பழம் ஆகிறது, மடியிலிருந்து தோல் எழுந்து அதைச் சுற்றி மூடிக்கொள்கிறது, ஒரு கை அதைக் கொண்டுபோய்ச் சீப்பில் அதன் இடத்தில் வைக்கிறது. மரகதம் மறுபடி பட்டினியாக, கல்யாணப் பெண்ணாக, கண் தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறாள். “போதும், நிறுத்துங்க” என்கிறார் சார். “இப்ப ஓட்டுங்க.”